வித்தையும் விசுவாசமும்: சுவிசேஷ மேஜிக்கின் மரபுகளும் அளவுகோல்களும்

மேடை மேஜிக்கின் உத்திகளைக் கையாண்டு கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைப் போதனைகளை விளக்கும் முறை சுவிசேஷ மேஜிக் எனப்படுகிறது. கயிறு, பட்டுக் கைக்குட்டை, சீட்டு, இரட்டை அறையுள்ள பை முதலிய எளிய கருவிகளைக் கொண்டு ஒரு வித்தை காட்டப்பட்டு, அந்த வித்தையின் போக்கோடு பாவம், மன்னிப்பு, உயிர்த்தெழுதல் போன்ற ஒரு கருத்து பிணைக்கப்படுவதே இதன் அமைப்பு. ஞாயிறு பள்ளிகளிலும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும் இன்று வழக்கமாகிவிட்ட இம்முறை, மாயவித்தையைக் கடிந்துரைக்கும் வேதத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு சமயத்திற்குள் எவ்வாறு இடம்பெற்றது என்பது எளிதில் கடந்துபோகத்தக்க கேள்வி அன்று.

பார்வோனின் மந்திரவாதிகள் மோசேயின் முன் தோற்றது யாத்திராகமத்திலும், சமாரியாவின் மாயவித்தைக்காரனான சீமோன் பணம் கொடுத்து அருளை வாங்க முயன்றது அப்போஸ்தலர் நடபடிகளிலும் சொல்லப்படுகின்றன. உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறி சொல்லுதல், நாள் பார்த்தல், சூனியம் வைத்தல் ஆகியவற்றை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. இத்தடைகள் ஆவிகளின் ஆற்றலை நாடுவோரையும் அத்தகைய ஆற்றல் தமக்கு உண்டு என்போரையும் குறிவைப்பவை. விரல்களின் வேகத்தால் பார்ப்பவர் கவனத்தைத் திசைதிருப்பும் கைவித்தை அவ்வகையில் சேராது என்பதே இம்மரபினர் அனைவரும் ஏற்கும் முதல் வாதம். இந்த வாதத்திற்குப் பழைய ஆதாரங்களும் உண்டு. கத்தோலிக்க வேதாகமத்தில் தானியேல் நூலின் இறுதி அதிகாரம், கோயில் தரையில் சாம்பலைத் தூவி, பேல் தெய்வத்தின் படையலை இரவில் உண்டவர்கள் பூசாரிகளே என்பதைக் காலடித் தடங்களால் காட்டிக்கொடுத்த தானியேலைப் பற்றிப் பேசுகிறது. உரோமையின் இப்போலித்துவின் பெயரால் வழங்கும் 3-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றும் அக்கால மந்திரவாதிகளின் தந்திரங்களை விளக்கி எழுதியது. இங்கிலாந்தின் ரெஜினால்ட் ஸ்காட் 1584-இல் வெளியிட்ட நூலோ, சூனியக்காரிகள் என்று ஏழை மூதாட்டிகளைத் தூக்கிலிடும் கொடுமைக்கு எதிராக எழுதப்பட்டதாயினும், பந்து, நாணயம், சீட்டு வித்தைகளின் இரகசியங்களை விரிவாக விளக்கியதால், ஆங்கில மேஜிக் நூல்களின் வரிசையில் முன்னிடம் பெற்றது. தலையை வெட்டித் தட்டில் வைத்ததாகக் காட்டும் வித்தை ஒன்று யோவான் ஸ்நானகனின் பெயரால் அதில் இடம்பெற்றிருப்பது, வேதக் கதையும் வித்தை மேடையும் அப்போதே அறிமுகமானவை என்பதற்குச் சான்று.

வித்தையை வேதபோதனைக்கு அழைத்துவந்தவர்களுள் தலையாயவர் இத்தாலியின் பியேமோன்ட் பகுதியில் 1815-இல் பிறந்த புனித ஜான் போஸ்கோ. பெக்கி என்னும் சிற்றூரில் சிறுவனாக இருந்தபோதே சந்தை வித்தைக்காரர்களை உற்றுநோக்கிப் பழகிய அவர், மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதன்மேல் நடந்தும் கைவித்தைகள் செய்தும் ஊராரைக் கூட்டினார். வேடிக்கை பார்க்க வருபவர்கள் முதலில் செபமாலை சொல்லவேண்டும், பிறகு ஞாயிறு மறையுரையை அச்சிறுவன் திரும்பச் சொல்லக் கேட்கவேண்டும் என்பதே நுழைவுக் கட்டணம். இங்கே வித்தைக்கும் போதனைக்கும் பொருள் தொடர்பு எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. கயிற்றில் நடப்பது எந்த மறைபொருளையும் குறிக்கவில்லை. மறையுரை தனி, வேடிக்கை தனி. பிற்காலத்தில் தோன்றிய பள்ளிகள் இவ்விரண்டையும் ஒன்றாக்க முயன்று அடைந்த இடர்ப்பாடுகளைப் பார்க்கும்போது, போஸ்கோவின் எளிய ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது எனலாம்.

அவர் கியேரி நகரில் மாணவராக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று, இம்மரபின் அளவுகோலையே முன்கூட்டி வகுத்துவிட்டது. பாத்திரத்தில் சமைத்து வைத்த கோழி உயிருள்ள சேவலாகிக் குதித்தோடக் கண்ட வீட்டுக்காரர், மாணவனுக்குப் பேயின் துணை இருப்பதாக அஞ்சிக் குருக்களிடம் முறையிட்டார். விசாரிக்க முன்வந்த கனோன் (பேராலயக் குரு) புர்சியோ தம் கடிகாரத்தையும் பணப்பையையும் தேடியபோது இரண்டுமே காணவில்லை. அவர் கோபமுற்றுக் கேட்கவும், அவர் மறதியாக வைத்துவிட்டுப் போன பொருள்களை எடுத்து மறைத்து வைத்ததாக விளக்கி, அவற்றை விளக்கின் மூடிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார் போஸ்கோ. வியப்பு என்பது அறியாமையிலிருந்து பிறப்பது என்று நண்பர்களுக்குச் சொல்லும்படி கூறி, சிரித்தபடியே கனோன் அவரை அனுப்பிவைத்தார். கேட்கும் உரிமையுள்ளவர் கேட்டபோது வழிமுறையைத் திறந்து காட்ட ஒரு வித்தைக்காரர் அணியமாக இருந்தார் என்பதே இங்கு முக்கியம். 1934-இல் புனிதர் பட்டம் பெற்ற அவரை மேஜிக் கலைஞர்கள் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர்.

வித்தையையே உவமையாக்கும் இரண்டாம் பள்ளி அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகளில் வளர்ந்தது. கைக்கு எட்டும் ஒரு பொருளைக் காட்டி அதன் வழியே சத்தியத்தை உணர்த்தும் பொருட்பாடம் என்னும் ஞாயிறு பள்ளி முறையே இதன் தாய்வேர். பிலடெல்பியாவின் பாப்டிஸ்ட் போதகரான சி. ஹெர்பர்ட் வூல்ஸ்டன் 1910-இல் வெளியிட்ட நூல், மேஜிக் விளைவுகளோடு கூடிய பொருட்பாடங்களைத் தொகுத்துத் தந்து இப்பள்ளியின் முன்னோடியாயிற்று. தெளிந்த நீர் செந்நிறமாகி மீண்டும் தெளிவது போன்ற வேதியியல் வித்தைகளும் இப்பள்ளியாருக்கு உவந்தவை. பீனால்ப்தலீன் என்னும் வேதிப்பொருள் காரத்தில் இளஞ்சிவப்பாகி அமிலத்தில் நிறமற்றுப் போவதே அதன் இரகசியம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நீர் சிவப்பதைப் பார்த்தே வளரும் தமிழ்க் குழந்தையிடம் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது என்பது வேறு.

இப்பள்ளியின் வலிமையும் பலவீனமும் புகழ்பெற்ற மூன்று கயிற்று வித்தையில் ஒருங்கே தெரிகின்றன. நெடியது, நடுத்தரம், குறியது என மூன்று கயிறுகள் வித்தைக்காரரின் கைகளில் ஒரே நீளமாகின்றன. பெரிய பாவம் செய்தவரும் சிறிய பாவம் செய்தவரும் கடவுளின் முன் ஒரே நிலையில் நிற்கின்றனர் என்பது விளக்கம். வித்தையின் உருவமும் கருத்தின் உருவமும் இவ்வளவு பொருந்துவது அரிது. ஆனால் வழக்கமான மேடை முறையில் அக்கயிறுகள் முடிவில் மறுபடியும் வெவ்வேறு நீளமாகிவிடுகின்றன. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அந்த முடிவையும் செய்துகாட்டும் ஆசிரியர், தாம் சொன்ன பாடத்தைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார். குழந்தைகள் கடைசியாகக் கண்டதைத்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். வித்தையை எங்கே நிறுத்துவது என்று அறிவதே இப்பள்ளியில் தேர்ச்சிக்கு அடையாளம்.

இவ்விடத்தில் நிறங்களின் இலக்கணத்தையும் குறிப்பிடவேண்டும். இலண்டன் போதகர் ஸ்பர்ஜன் 1866-இல் ஒரு பிரசங்கத்தில் எழுத்தே இல்லாத புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசினார். கறுப்புத் தாள் பாவத்தையும் சிவப்பு இயேசுவின் இரத்தத்தையும் வெள்ளை தூய்மையையும் குறித்தன. அமெரிக்க நற்செய்தியாளர் மூடி என்பவர் பின்னர்ப் பரலோகத்திற்குப் பொன்னிறத்தைச் சேர்த்தார்; வளர்ச்சிக்குப் பச்சை பிறகு வந்தது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரை மையமாகக் கொண்டு உழைத்த ஏமி கார்மைக்கேல் இதே நிறங்களில் தைத்த கொடியை மாட்டுவண்டியில் கட்டி ஊர் ஊராகச் சென்றார். பட்டுக் கைக்குட்டை நிறம் மாறும் மேஜிக்குக்கு இந்த நிறவரிசை ஆயத்தமான கதையாக அமைந்ததால் வித்தைக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டனர். ஆயினும் கறுப்பைப் பாவத்தின் நிறமாக்குவது, கறுத்த மேனியுள்ள குழந்தைகள் நிறைந்த வகுப்பறையில் தீங்கற்ற குறியீடு அன்று. ஆசிரியர் சிலர் அத்தாளை இருட்டு என்று சொல்லிச் சமாளிக்கின்றனர். அழுக்குப்பட்ட துணியும் துவைத்த துணியும் அதே கருத்தை யாரையும் புண்படுத்தாமல் சொல்லிவிடும்.

1953-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ மேஜிக் கலைஞர்கள் கூட்டமைப்பு, சிதறிக் கிடந்த பயிற்சிகளை ஓர் இயக்கமாக்கியது; பொம்மைக்குக் குரல் கொடுத்தல், பலூன் உருவங்கள், கோமாளி வேடம் ஆகியனவும் இக்குடையின் கீழ் வந்தன.

மூன்றாம் பள்ளி வித்தையை உவமையாக அன்றி எதிர்ச்சான்றாகக் கையாள்வது. பெரிய மேடை மாயத்தோற்றங்களை வடிவமைப்பதில் பெயர்பெற்ற ஆந்த்ரே கோல் (1936-2022) இதன் முதன்மைப் பிரதிநிதி. மேஜிக் கலைஞர் டேவிட் காப்பர்ஃபீல்டுக்கும் மாயத்தோற்றங்கள் வடிவமைத்துக் கொடுத்த அவர், கேம்பஸ் குருசேட் என்னும் நற்செய்தி இயக்கத்தின் சார்பில் பல நாடுகளில் நிகழ்ச்சி நடத்தினார். பிலிப்பைன்ஸில் கத்தியின்றி வெறுங்கையால் வயிற்றைத் திறந்து கட்டியை எடுப்பதாகக் கூறிய குணமளிப்போரை ஆராய்ந்து, அது வெறும் கைவித்தை என்று எடுத்துரைத்தார். இதே வழியில் மற்றொரு மேஜிக் கலைஞரான டேனி கோரெம், மனவலிமையால் பொருள்களை அசைப்பதாகச் சொன்ன ஜேம்ஸ் ஹைட்ரிக்கின் தந்திரம் மூச்சுக்காற்றே என்பதை அம்பலப்படுத்தினார். இப்பள்ளியின் சமூகப் பயன் பெரிது. ஆனால் இயேசுவின் அற்புதங்களை ஒரு மேஜிக் நிபுணர் ஆராய்ந்து தந்திரம் இல்லை என்று கண்டதாகக் கோல் முன்வைத்த வாதம் அந்த அளவுக்கு வலுவுள்ளதன்று. மேடையில் கண்ணால் காண்பதை ஆராயும் திறமை, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எழுத்தை ஆராயும் திறமையாகிவிடாது. அங்கே வேண்டுவது விசுவாசமும் வரலாற்று ஆய்வும்.

பள்ளி எதுவாயினும் பொறுப்புள்ள கலைஞர்கள் வலியுறுத்தும் சில அளவுகோல்கள் உள்ளன. தமக்குத் தெய்வீக ஆற்றலோ வேறு ஆற்றலோ இல்லை, காட்டப்போவது பயிற்சியால் வந்த வித்தை என்று தொடக்கத்திலேயே அறிவிப்பது முதலாவது. கானா ஊரில் தண்ணீர் திராட்சரசமானதையோ ஐந்து அப்பங்கள் பெருகியதையோ மேஜிக்கால் நடித்துக் காட்டாதிருப்பது அடுத்தது. இவ்விரண்டாம் விதியை மீறுவோர் பலர். ஆசிரியரின் தண்ணீர் நிறம் மாறுவதையும் ஆண்டவர் செய்ததையும் ஒரே வகையில் பார்க்கும் சிறுவன், சற்று வளர்ந்து அந்த வித்தையின் சூட்சுமத்தை அறிந்ததும் இரண்டையுமே தந்திரம் என்று தள்ளிவிட வழியுண்டு. குறியீட்டைப் பொருளிலிருந்து பிரித்தறியாத சின்னஞ்சிறார்க்கு எவ்வித மேஜிக் உவமையும் பயன்படாது.

தமிழ்நாட்டில் இவ்வளவுகோல்களுக்குத் தனி அழுத்தம் உண்டு. போஸ்கோ நிறுவி, 1906-இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசிய சபையினர் வழியே அவர் பெயர் இங்கு நன்கு ஊன்றியிருக்கிறது. மறுபுறம், திராவிடர் கழகத்தார் 'மந்திரமா? தந்திரமா?' என்னும் தலைப்பில் ஊர்தோறும் வித்தை காட்டி, காட்டியவுடனேயே அதன் சூட்சுமத்தை விளக்கிச் சாமியார்களின் அற்புதங்களைக் கேள்விக்குள்ளாக்குகின்றனர். இலங்கையில் வாழ்ந்து இதே பணியைச் செய்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மார்த்தோமா சபைக் குரு ஒருவரின் மகன் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பில்லி சூனிய அச்சம் இன்னும் அகலாத ஊர்களில், வித்தையின் வழியை மறைத்துவைத்துப் பிரமிப்பை மட்டும் விட்டுச்செல்லும் உபதேசியைவிட, சூட்சுமத்தைச் சொல்லிவிடும் பகுத்தறிவாளர் மக்களுக்கு நேர்மையாளராகத் தெரிவதில் வியப்பில்லை. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மேஜிக் பெட்டியோடு புறப்படும் ஆசிரியர்கள், வித்தைகளில் ஒன்றையேனும் வகுப்பின் முடிவில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்புவார்களாக.