மழைக் கணிப்புக்கும் மதிப்பெண் உண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் கீழ்வேளூர் வட்டாரத்தில் இரண்டு கவலைகள் சேர்ந்தே வருகின்றன. அறுவடையான குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும். அதன் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான விதி. மறுபுறம், சம்பாப் பயிர் இளம்பருவத்தில் இருக்கும். வடிய வழியின்றித் தண்ணீர் தொடர்ந்து நின்றால் அது அழுகிப்போகும். 'மழை எப்போது வரும்? எவ்வளவு பெய்யும்?' என்பது எங்கள் ஊரில் பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

இக்கேள்விக்கு விடை கூற, வானிலை ஆய்வுத் துறையோடு இன்று வானிலை ஆர்வலர்களும் முன்வந்திருக்கிறார்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான், 'டெல்டா வெதர்மேன்' ஹேமச்சந்தர் ஆகியோரைத் தமிழகம் நன்கறியும். இவர்களைப் பின்பற்றிச் சிற்றூர்களிலும் பலர் புறப்பட்டிருக்கிறார்கள். என் வகுப்பு மாணவர்களிலேயே சிலர் நள்ளிரவில் கண்விழித்துச் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கிறார்கள். மேலைநாடுகளில் பருவத்தின் முதல் பனிப்புயலுக்காக ஆர்வலர்கள் காத்திருப்பது போலவே, நம்மவர்கள் வங்கக்கடலில் முதல் புயல் சின்னத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இம்முயற்சியை ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தனியொருவரைக் குறை கூறுவது நோக்கமன்று.

முதலில் நிறைகளைக் காண்போம். காற்றழுத்தம், கடல் வெப்பநிலை, காற்று முறிவு போன்றவற்றை எளிய தமிழில் வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தவர்கள் இந்த ஆர்வலர்களே. 'கடலோர மாவட்டங்கள்' என்று பொதுவாகக் கூறாமல், திருப்பூண்டி, தலைஞாயிறு, திருக்குவளை என்று ஊர்ப்பெயர் சொல்கிறார்கள். பழைய மழைப் பதிவுகளைத் தேடி எடுத்து இன்றைய நிலையோடு ஒப்பிடுகிறார்கள். காரைக்காலில் உள்ள டாப்ளர் ராடாரின் படத்தைப் பார்த்து, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மேகக்கூட்டம் எப்பக்கம் நகரும் என்று சொல்வதில் அவர்களுள் சிலர் கைதேர்ந்தவர்கள். களத்தில் காயும் நெல்லைக் குவித்து மூடுவதற்கு அந்த இரண்டு மணி நேரமே போதும். இத்தொண்டு பாராட்டத்தக்கது.

குறைகள் எங்கே தொடங்குகின்றன? நாள்கணக்கு நீளும்போது தொடங்குகின்றன. பத்து நாள்களுக்குப் பின் நாகைக்கு அருகில் பெரும்புயல் இருப்பதாக ஒரு கணினிப் படம் காட்டும். உடனே அது கைபேசிக்குக் கைபேசி பரவுகிறது. அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லோரன்ஸ் 1963-இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். தொடக்க நிலையில் மிகச் சிறிய வேறுபாடு இருந்தாலும், நாள்கள் செல்லச்செல்ல வானிலைக் கணக்கின் விடை முற்றிலும் மாறிப்போகலாம் என்பதே அது. இதனால்தான் ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையம், தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 51 கணக்குகளைப் போடுகிறது. 51-இல் 40 கணக்குகள் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை கூடும். ஐந்து மட்டும் காட்டினால் குறையும். ஆனால் பரவுவது எது? அந்த 51-இல் மிகவும் அச்சுறுத்தும் ஒரே ஒரு படம்! மற்ற ஐம்பதும் என்ன கூறின என்பதை யாரும் கேட்பதில்லை.

இதன் விளைவை நாங்கள் நேரில் கண்டவர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தோன்றியபோது, அது கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரை கடக்கும் என்பதே முதல் கணிப்பு. பிறகு புயல் தென்மேற்காகத் திரும்பியது. கணிப்பும் படிப்படியாகத் தெற்கே நகர்ந்தது. நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. முதல் நாள் படத்தில் இருந்த கோட்டை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு, 'நமக்கில்லை' என்று எண்ணியிருந்தவர்களின் தென்னந்தோப்புகளும் சாய்ந்தன. புயலின் பாதை ஒரு கோடன்று. நாள் செல்லச்செல்ல அகன்றுகொண்டே போகும் ஒரு கூம்பு. அந்தக் கூம்பைக் காட்டாமல் கோட்டை மட்டும் காட்டுவது, பாதி விடையை எழுதிவிட்டு முழு மதிப்பெண் கேட்பதற்கு ஒப்பாகும்.

2024-இல் வந்த ஃபெஞ்சல் வேறொரு பாடம் புகட்டியது. நவம்பர் 26-இல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த அது மறுநாளே புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது; ஆகவில்லை. நவம்பர் 29-இல்தான் புயலாயிற்று. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. பலருடைய கண்ணும் சென்னையின்மீது இருக்க, புயல் புதுச்சேரிப் பகுதியிலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. அங்கு ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் கூடுதலாக மழை கொட்டியது. நமது டெல்டாவிலோ, அது புயலாகும் முன்பே பெய்த மழையில் சம்பா வயல்கள் மூழ்கிவிட்டன. 'புயலாகுமா, ஆகாதா?' என்ற விவாதம் அந்த வயல்களுக்கு எவ்வகையிலும் பயன்படவில்லை. பெயர் பெறாத தாழ்வு மண்டலமும் பயிரை மூழ்கடிக்கும்.

ஆர்வலர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. வானிலைத் துறையின் மொழியிலும் குறையுண்டு. 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற அறிவிப்பை நாம் அன்றாடம் கேட்கிறோம். 'ஓரிரு இடங்கள்' என்றால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு என்று பொருள். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 செ.மீ. வரை பெய்யும் மழை. இவ்வளவு துல்லியமான பொருள் அச்சொற்களுக்குள் இருப்பது கேட்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதை விளக்கிச் சொல்வதும் ஆர்வலர்கள் ஏற்றுக்கொள்ளத்தக்க நற்பணியே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில், எங்கள் தெருவில் வசிக்கும் முதிய விவசாயி ஒருவர் காலையில் வயலுக்கு யூரியா இட்டுவிட்டு வந்தார். 'இரண்டு நாள் மழை இடைவெளி' என்று கைபேசியில் ஒருவர் பேசியதைக் கேட்டிருந்தார். அன்றிரவே பெய்த மழையில் உரம் வாய்க்காலோடு போயிற்று. மறுநாள் என்னைக் கண்டதும், "சார், அவர் சொன்னது தப்பா, நான் கேட்டது தப்பா?" என்றார். "ஐயா, இடைவெளிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். பத்துக்கு ஆறு என்றிருந்தால் நீங்கள் காத்திருப்பீர்கள், பத்துக்கு ஒன்பது என்றால் துணிவீர்கள்" என்றேன். "அப்படி யாரும் சொல்றதில்லையே சார்" என்றார் அவர். அவர் கூறியது முற்றிலும் உண்மை.

வாய்ப்பை எண்ணால் கூறினால், கணிப்புக்கு மதிப்பெண்ணும் போடலாம். 1950-இல் கிளென் பிரையர் என்பவர் இதற்கு ஓர் எளிய முறையை வகுத்தார். மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0 என்று கொள்க. கணித்த வாய்ப்புக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்திச் சராசரி காண்க. விடை குறையக்குறையக் கணிப்புச் சிறந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு நாள்களில் முதல் நாளும் மூன்றாம் நாளும் மழை பெய்தது என்போம். ஒருவர் நான்கு நாள்களுக்கும் 90 விழுக்காடு வாய்ப்பு என்கிறார். அவர் பெறும் எண் 0.41. மற்றொருவர் முறையே 70, 30, 60, 20 விழுக்காடு என்கிறார். அவர் பெறுவது 0.095. ஒன்றும் தெரியாமல் நாள்தோறும் 50 விழுக்காடு என்பவருக்குக் கிடைப்பது 0.25. முதலாமவர், 'பெய்த இரண்டு மழையையும் நான் முன்பே சொன்னேன்' என்று பெருமைப்படலாம். ஆனால் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பவரைவிட அவர் பின்தங்கியிருக்கிறார் என்பது கண்கூடு!

எனவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஐப்பசியில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உடைய ஒரு பாத்திரத்தை, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையும் அந்நேரத்தில்தான் அளக்கிறது. ஒரு செ.மீ. மழை ஓர் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் நீர் என்பதை நினைவிற் கொண்டால், அந்தச் சிறு அளவின் பெருமை புரியும். பக்கத்திலேயே, உங்கள் ஊருக்கு யார் என்ன கணித்தார் என்பதையும் மழைக்கு முன்பே குறித்து வையுங்கள். மழைக்குப் பின் எழுதினால் அது கணிப்பாகாது.

தைப்பொங்கலுக்குள் கணக்கு முடிந்துவிடும். அதை உங்களுக்குப் பிடித்த ஆர்வலருக்கே அனுப்புங்கள். அறிவியல் நோக்குடையவராயின் அவர் வருந்தமாட்டார். தம் பிழைகளைத் திருத்திக்கொள்ள நன்றியோடு பயன்படுத்திக்கொள்வார். ஒரு படியை எங்கள் தெருப் பெரியவர் போன்ற ஒருவரிடமும் கொடுங்கள். அடுத்த கார்த்திகையில் உர மூட்டையைப் பிரிக்குமுன், யாருடைய சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.