இக்லூலிக் திரைப்பட இயக்கம்

இக்லூலிக் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில், நுனாவுட் பிரதேசத்தில் உள்ள தீவூர். இங்குள்ள இனுயிட் மக்கள் 1980கள் முதல் தங்கள் மொழியான இனுக்டிடூட்டில் படங்கள் எடுத்துவருகின்றனர். தொல்குடித் திரைக்கலைஞர்களுக்குப் பயிற்சியும் விருதும் மட்டும் போதுமா என்னும் கேள்விக்கு இவ்வூரின் அனுபவம் முக்கியமான பதிலாக அமைகிறது.

பின்புலம்

தொலைக்காட்சி வந்தபோது இக்லூலிக் மக்கள் 1975, 1979 ஆகிய ஆண்டுகளில் வாக்களித்து அதை மறுத்தனர். தங்கள் மொழியில் நிகழ்ச்சி இல்லை என்பதே காரணம். இனுயிட் ஒளிபரப்புக் கழகம் உருவான பின்னர், 1983இல் ஏற்றுக்கொண்டனர்.

சோப்புக்கல் சிற்பியான ஸகரியாஸ் குனுக் 1981இல் தன் சிற்பங்களை விற்று வீடியோ கேமரா வாங்கினார். அவரும் பால் அபாக் அங்கிலிர்க்கும் ஒளிபரப்புக் கழகத்தில் தொழில் கற்றனர். பயிற்சியாளராக வந்த நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் கோன் இக்லூலிக்கிலேயே தங்கினார். இம்மூவரும் ஊர்ப் பெரியவரான பாலூசி குலிதாலிக்குடன் சேர்ந்து 1990இல் 'இசுமா' நிறுவனத்தைத் தொடங்கினர். 'இசுமா' என்றால் சிந்தனை. 1991இல் பெண்களுக்கான 'ஆர்நாயிட்' வீடியோ குழு உருவானது.

ஊர்கூடுதலும் படமும்

குனுக்கின் தொடக்ககாலப் படமான 'கக்கிக்' (1989) என்பதன் பொருள் 'கூடுமிடம்'. வசந்தத்தை வரவேற்க நான்கு குடும்பங்கள் சேர்ந்து பெரிய பனிவீடு கட்டுகின்றன. இதில் ஊர்கூடுதலே கதை. அதுவே படம் உருவான முறையும்கூட.

'அதனார்ஜுவாட்' (2001) இம்முறையின் உச்சம். தொல்கதையைப் பெரியவர்கள் எண்மர் சொல்லக் கேட்டு அபாக் திரைக்கதையைத் தொகுத்தார். தோலாடைகளை ஊர்ப் பெண்கள் தைத்தனர். படம் முதலில் திரையிடப்பட்டது இக்லூலிக்கில்தான். பின்னரே கான் விழாவுக்குச் சென்று, சிறந்த முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது. அபாக் அதைப் பார்க்கவில்லை, 1998இலேயே மறைந்துவிட்டார்.

மதிப்பீடு

'அதனார்ஜுவாட்' படத்தின் முதற்பகுதியில் யார் யாருக்கு என்ன உறவு என்பது வெளியூர்ப் பார்வையாளருக்கு எளிதில் பிடிபடுவதில்லை. இதைக் குறை எனலாம். ஆனால் படம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதற்கு அதுவே சான்று. தன் பாட்டனின் கதையை அறிந்தவனுக்கு முன்னுரை தேவையில்லை.

தொல்கதையில் நாயகன் பகைவரைக் கொன்று பழிதீர்க்கிறான். படத்தில் கொலை நிறுத்தப்படுகிறது. பகைவர் ஊரைவிட்டு விலக்கப்படுகின்றனர். வெளியார் ஒருவர் இப்படி மாற்றியிருந்தால் அது திரிபாகியிருக்கும். கதையைக் காத்துவந்த ஊரே மாற்றும்போது அது மரபின் அடுத்த படி.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. இத்தனை ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னும் 'அதனார்ஜுவாட்' படத்தின் ஒளிப்பதிவாளர் வெளியிலிருந்து வந்த கோன்தான். அவர் ஊரிலேயே வாழ்ந்தவர், நிறுவனத்தின் பங்காளி. ஆயினும் பயிற்சி எதுவரை சென்றது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆர்நாயிட் குழுவின் 'நாளைக்கு முன்' (2008) போன்ற பெண்களின் படங்கள் இதே அளவு கவனம் பெறவுமில்லை.

பெரிய குறை ஆதரவின் தன்மையில் உள்ளது. 1998இல் பணமின்றி 'அதனார்ஜுவாட்' படப்பிடிப்பு நின்றது. தொல்குடி மொழிப் படங்களுக்கெனத் தனியாக ஒதுக்கப்பட்டிருந்த அரசுநிதி சிறியது. அதற்குள் முழுநீளப் படம் எடுக்க இயலாது. தேசியத் திரைப்பட வாரியம் இணைத்தயாரிப்பாளராக வந்த பின்னரே வேலை தொடர்ந்தது. உலகம் கொண்டாடிப் பத்தாண்டுகள் கழிந்து, 2011இல் கடனில் சிக்கிய நிறுவனம் பொறுப்பாளர் வசம் சென்றது. விருதுமேடையின் கைதட்டல் அதைக் காக்கவில்லை.

எனினும் குனுக் படமெடுப்பதை நிறுத்தவில்லை. 2019இல் வெனிஸ் கலைக்கண்காட்சியில் கனடாவின் சார்பில் இசுமா குழுவின் படைப்பு இடம்பெற்றது. கதை சொல்லும் பெரியவரும் ஆடை தைக்கும் பெண்களும் முதல் வரிசையில் அமரும் ஊராரும் இருந்ததாலேயே இது இயன்றது. பயிற்சி ஒருவருக்குக் கேமராவைக் கற்றுத்தருகிறது. அவர் எடுத்தது சரியா என்று சொல்ல ஊர் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துத் தாங்காத ஆதரவு அரைகுறையானதே.