பிறர் குரலுக்கு எழுதுவோர்

அமெரிக்க ஜனரஞ்சக சங்கீதத்தில், சாகித்யம் இயற்றுகிறவர் ஒருவராகவும் அதைப் பாடுகிறவர் வேறொருவராகவும் இருப்பதை யாரும் குறையாகக் கருதியதில்லை. ஃப்ராங்க் சினாட்ரா தம் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் பிறர் இயற்றிய பாட்டுகளையே பாடினார். கோல் போர்ட்டரின் வரிகள் அவர் குரலில் வரும்போது அவரைப் போலி என்று சொல்லும் எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை. அதே தேசத்தில், அதே வியாபாரத்தின் மற்றொரு கிளையாகிய ஹிப்-ஹாப்பில் மட்டும், பாடுகிறவனுக்கு இன்னொருவன் எழுதிக் கொடுத்தான் என்ற செய்தி கசிந்துவிட்டால் அது துரோகத்தைப் போலவும் மோசடியைப் போலவும் மாதக்கணக்கில் பேசப்படுகிறது. சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகவே படும். ஆயினும் அந்தக் கலை பிறந்த சூழ்நிலையை நோக்கினால் அவர்களுடைய கோபத்துக்கும் ஒரு நியாயம் இருப்பது விளங்கும்.

1973 ஆகஸ்டு 11ஆம் தேதி, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை அக்கலையின் ஜன்ம தினமாகக் கொள்வது சம்பிரதாயம். அங்கே இசைத்தட்டைச் சுழற்றியவன் பிரதானம். ஒலிவாங்கியைப் பிடித்து நின்றவன் வந்தவர்களை வரவேற்று, தன் பெயரையும் தன் தெருவையும் தன் பிரதாபத்தையும் எதுகை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். 'நான் இன்னான்' என்று சொல்வதே தொழிலாக இருந்த ஒருவன் அடுத்தவனுடைய 'நானை' இரவல் வாங்கினால் எஞ்சுவது என்ன? வரி திருடுகிறவனைப் போல் இழிந்தவன் இல்லை என்ற கட்டுப்பாடு அந்தக் கூடங்களிலேதான் உண்டாயிற்று.

அந்தக் கட்டுப்பாடு முதல் பெரிய வெற்றித்தட்டிலேயே உடைந்தது. 1979இல் நியூஜெர்சியின் எங்கிள்வுட் ஊரில் சில்வியா ராபின்ஸன் என்ற அம்மையார் தம் கணவருடன் தொடங்கிய ஷுகர் ஹில் ரிக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு ஒரு குழு தேவைப்பட்டது. பீட்ஸா கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பிக் பேங்க் ஹாங்க் என்பவருக்குக் குரலும் உற்சாகமும் இருந்தன. சொந்த வரிகள்தாம் இல்லை. பிராங்ஸின் கோல்டு க்ரஷ் பிரதர்ஸ் குழுவைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவரின் எதுகைகளைப் பெற்று வந்து அவற்றையே அவர் பாடினார். அவசரம் எவ்வளவு என்றால், காஸ் தம் பட்டப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றாமல், ஹாங்க் தம் வாயால் இன்னொருவர் பெயரை உலகுக்கு அறிவித்துவிட்டார். 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற அந்தத் தட்டு தேசமெங்கும் விற்றது. அதன் பின்னணி இசை ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டை அடியொற்றியது என்பதால் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்டு எட்வர்ட்ஸும் வழக்குக்கு ஆயத்தமாயினர். உடனே அவர்கள் பெயர்கள் இயற்றியவர் பட்டியலில் ஏறின. காஸின் பெயர் ஏறவில்லை. சொல்லுக்கும் இசைக்கும் நேர்ந்த அநீதி ஒரே தன்மையதுதான். ஒரு சாராரிடம் கேட்பதற்கு வழியிருந்தது, மற்றவரிடம் இல்லை என்பதே பேதம். இந்தத் துறையில் கௌரவத்தைப் பற்றிய பிரச்சினை என்று வர்ணிக்கப்படுவதெல்லாம் உள்ளே நுழைந்து பார்த்தால் கணக்கைப் பற்றிய பிரச்சினையாகவே முடிகிறது என்ற என் அபிப்பிராயத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின் அதே நிறுவனம் வெளியிட்ட 'தி மெசேஜ்' பாட்டின் கதை வேறு வகை. ஏழைக் குடியிருப்பின் துயரத்தைச் சொன்ன முதல் பெரிய ராப் பாட்டு என்று போற்றப்படும் அது, கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வந்தது. ஆனால் அதன் பெரும்பகுதியை எழுதியவர் நிறுவனத்தின் வாத்தியக்காரர்களில் ஒருவராகிய எட் ஃபிளெச்சர். குழுவிலிருந்து மெல்லி மெல் ஒருவர்தாம் அதில் எழுத்திலும் குரலிலும் பங்கு கொண்டார். தட்டில் ஃபிளெச்சரின் குரலும் ஒலிக்கிறது. படமெடுத்தபோதோ அந்தக் குரலுக்குக் குழுவின் மற்றொருவர் வாயசைத்தார். என்றாலும் ஃபிளெச்சருக்கு இயற்றியவர் என்ற அங்கீகாரம் காகிதத்தில் இருந்தது. முகம் மறைக்கப்பட்டது, பெயர் மறைக்கப்படவில்லை.

எண்பதுகளின் நடுவில் குவீன்ஸ் பகுதியில் இசையமைப்பாளர் மார்லி மார்லைச் சுற்றித் திரண்ட ஜூஸ் க்ரூ கூட்டத்தில், பிறருக்கு எழுதுவது ஒளிவுமறைவற்ற கூட்டுறவாக நடந்தது. பிஸ் மார்க்கி நாக்குத் தடித்த, கோமாளித்தனமான குரலுக்குச் சொந்தக்காரர்; பிக் டேடி கேன் மின்னல் வேகத்தில் சொல்லடுக்குகிற பண்டிதர். கேன் தம் பாணியில் எழுதிக் கொடுத்திருந்தால் பிஸ் திணறியிருப்பார். ஆகவே கேன் தம் சாமர்த்தியத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு பிஸ்ஸுக்கு அகன்ற, சோம்பலான, சிரிப்பூட்டும் வரிகளை எழுதினார். பிறருக்கு எழுதுகிறவன் கற்க வேண்டிய முதற்பாடம் இப்படித் தன்னை அடக்கிக்கொள்வதுதான்.

அந்தத் தொழில்நுட்பத்தைச் சற்று விரித்துச் சொல்லலாம். வெர்ஸ் எனப்படும் சரணம் ஒன்றுக்குப் பதினாறு பார் என்பது வழக்கமான அளவு. பார் ஒன்றுக்கு நான்கு அடி. நிமிஷத்துக்கு 90 அடி நடக்கும் பீட்டில் 64 அடிகள் ஏறக்குறைய 43 விநாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் வாடிக்கைக்காரன் எங்கே மூச்சு வாங்குவான், எந்த மெய்யெழுத்தில் அவன் நாக்கு தடுக்கும், அவன் தெருவில் போலீஸை எப்படிக் குறிப்பிடுவார்கள், அவன் சொல்லத் துணியாத வார்த்தை எது என்பதையெல்லாம் எழுதுகிறவன் அறிந்திருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் கொடுத்தால் லயம் புரியாது. ஆகவே எழுதியவனே பீட்டின் மேல் பாடிப் பதிந்து அனுப்புகிறான். அதற்கு ரெஃபரன்ஸ் டிராக் என்று பெயர். வாங்குகிறவன் அதைக் கேட்டுக் கேட்டு, கிளி சொல்லைப் பிடிப்பது போல், ஏற்ற இறக்கம் உட்பட அனைத்தையும் பிடித்துக்கொள்கிறான். பின்னாளில் சாட்சியாக வந்து நிற்பதும் இந்த டிராக்தான்.

மேற்குக் கரையில் 1987இல் வந்த 'பாய்ஸ்-ன்-த-ஹுட்' பாட்டை ஐஸ் க்யூப் எழுதினார். அது முதலில் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு குழுவுக்காக எழுதப்பட்டது. இது எங்கள் ஊர்ப் பேச்சல்ல என்று அவர்கள் மறுத்துவிட்டனர். அதன்பின் இசையமைப்பாளர் டாக்டர் டிரேயின் வற்புறுத்தலால், அதுவரை ராப் சொல்லிப் பழகாத ஈஸி-ஈ அதைப் பாடிப் புகழ் பெற்றார். 1989 முடிவதற்குள் ஐஸ் க்யூப் பணத் தகராறு காரணமாக, டிரேயும் ஈஸி-ஈயும் தாமும் சேர்ந்திருந்த குழுவை விட்டு விலகினார் என்பதும் இந்தச் சரித்திரத்தின் அங்கமே.

இவர்களில் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தவர் டல்லாஸிலிருந்து வந்த தி டி.ஓ.சி. என்பவர். 1989இல் தம் முதல் ஆல்பத்தை வெளியிட்டுப் பெரும் புகழின் வாசலில் நின்ற அவர், அதே ஆண்டு நவம்பரில் கார் விபத்தில் சிக்கிக் குரல்வளை நசுங்கிப் போனார். மிஞ்சியது கரகரத்த முணுமுணுப்பு ஒன்றே. ஆனால் சொல் அவரை விட்டுப் போகவில்லை. 1992இல் வெளியான டாக்டர் டிரேயின் 'தி க்ரானிக்' ஆல்பத்தில் அவர் எழுத்து இருக்கிறது. ஏனையோர் வெட்கத்தினாலோ பணத்துக்காகவோ திரைக்குப் பின்னால் நிற்க, இவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தியது உடல். எழுத்தும் குரலும் ஒருவனிடமே இருந்தாக வேண்டும் என்று தீர்ப்புக் கூறும் ரசிகர்கள், இவர் விஷயத்தில் என்ன சொல்வார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1999இல் டாக்டர் டிரே மீண்டும் அரங்கேறிய 'ஸ்டில் டி.ஆர்.இ.' பாட்டை எழுதியவர் ஜே-ஸீ. புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர் மேற்குக் கரைக் காம்ப்டன்காரரின் வாயாக நின்று எழுதினார், பெயரும் முறைப்படி பதிவாயிற்று, யாரும் கூச்சலிடவில்லை. டிரே முதன்மையாக இசையமைப்பாளர் என்பதால் விலக்கு அளித்தார்கள் போலும். அடுத்த ஆண்டு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஸ்கில்ஸ் என்பவர் 'கோஸ்ட்ரைட்டர்' என்றே ஒரு பாட்டு வெளியிட்டு, தாம் யார் யாருக்கு எழுதினார் என்பதைச் சொல்லி, பெயர் வரும் இடங்களையெல்லாம் ஒரு பீப் ஒலியால் மூடினார். அந்தத் தொழிலில் விற்கப்படும் சரக்கு வரிகள் மட்டுமல்ல, வரிகளைப் பற்றிய மௌனமும் சேர்ந்ததே என்பதை இவ்வளவு வேடிக்கையாக வேறெவரும் விளக்கியதில்லை.

2015 ஜூலையில் ராப் பாடகர் டிரேக் மீது சக பாடகர் மீக் மில் ட்விட்டரில் சாட்டிய குற்றம் உலகறிந்தது. அட்லாண்டாவைச் சேர்ந்த க்வென்டின் மில்லர் எழுதித் தருகிறார் என்பது குற்றச்சாட்டு. நியூயார்க்கின் ஹாட் 97 வானொலி, மில்லர் குரலில் இருந்த ரெஃபரன்ஸ் டிராக்கையே ஒலிபரப்பியது. ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான டிரேக்கின் ஆல்பத்தில், பல பாட்டுகளின் இயற்றியவர் பட்டியலில் மில்லரின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. யாரும் படிக்கவில்லை, அவ்வளவே. டிரேக்கின் வியாபாரத்துக்கு இதனால் சேதம் ஒன்றும் நேரவில்லை.

இனிக் கணக்கு. பாட்டு முடிந்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திடும் காகிதத்தை ஸ்ப்ளிட் ஷீட் என்கிறார்கள். வார்த்தைக்குப் பாதி, இசைக்குப் பாதி என்பது பொதுவான தொடக்கம். 2006 முதல் 2022 வரை, ஐந்து நிமிஷத்துக்கு மேற்படாத பாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் இயற்றியவர்களுக்குச் சேர வேண்டிய சட்ட விகிதம் 9.1 சென்ட். பத்து லட்சம் பிரதி விற்றால் 91,000 டாலர். வார்த்தையின் பாதியில் நான்கு பேர் பங்கிருந்தால் ஒருவனுக்கு 11,375 டாலர். பழைய பாட்டொன்றின் துண்டைச் சேர்த்திருந்தால் அதன் சொந்தக்காரர் முதலில் எடுத்துக்கொள்வார். 1997இல் பஃப் டாடி பாடிய 'ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ'வில் அவருடைய வரிகளை எழுதியவர் சாஸ் மனி. வருமானத்தில் பெரும்பகுதியோ மூலப் பாட்டை இயற்றிய ஸ்டிங்குக்குப் போனது. பெயர் எங்கும் பதியாதவனுக்கு வார்த்தைப் பாதியின் அந்தக் கால் பங்கும் கிடையாது. 2018இன் அமெரிக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட, பாட்டு இயற்றியவர்களுக்கான வசூல் ஸ்தாபனத்துக்கு, உரியவர் யார் என்று பொருத்த முடியாமல் தேங்கிய பழைய பாக்கியாக 2021இல் ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் கட்டிய தொகை 42 கோடி டாலருக்கு மேல்.

பிரபலங்களுக்கு எழுதுகிறவர்கள் சிலரே. 2010இல் தொடங்கிய ஃபைவர் போன்ற இணையச் சந்தைகளில், பெயரறியாத வாடிக்கைக்காரன் ஒரு பீட்டையும் தன் வாழ்க்கையைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பையும் அனுப்ப, வெர்ஸுக்கு இவ்வளவு, ஹுக் என்னும் பல்லவிக்கு இவ்வளவு என்று பேசி, பாதி முன்பணம் வாங்கி எழுதுகிறவர்களே இன்று அநேகர். கல்யாணப் பாட்டு, கடை விளம்பரம், பள்ளிக்கூட விழா எதுவும் அவர்களுக்கு விலக்கல்ல. இவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், 'கூலிக்குச் செய்த படைப்பு' என்ற வாசகம் தவறாமல் இருக்கும். 1976இன் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், சுதந்திரமாகத் தொழில் செய்பவனிடம் சொல்லி வாங்கும் படைப்பு அப்படிக் கருதப்படுவதற்கு ஒன்பது வகைகளை மட்டுமே குறிப்பிடுகிறது. தனிப் பாட்டின் வரிகள் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. ஆகவே வக்கீல்கள் அதன் கீழேயே, ஒருவேளை அது செல்லாதாயின் உரிமை அனைத்தும் இதன்மூலம் மாற்றித் தரப்படுகிறது என்று இன்னொரு வரியும் சேர்த்துவிடுவார்கள். இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் பலன் வேறு: கூலிப் படைப்பு என்றால் எழுதியவனுக்கு என்றென்றைக்கும் ஒன்றுமில்லை; உரிமை மாற்றம் என்றால் 35 ஆண்டுகளுக்குப் பின் அதைத் திரும்பப் பெற அவனுக்குச் சட்டம் இடம் தருகிறது. 1987இல் அவ்வாறு எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கதவு 2022இல் திறக்கத் தொடங்கியது. ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.