நொட்டோரியஸ் (1946) – திரைப்படத் திறனாய்வு

நொட்டோரியஸ், ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1946ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளைத் திரைப்படம். திரைக்கதையை எழுதியவர் பென் ஹெக்ட். இங்கிரிட் பெர்க்மன், கேரி கிராண்ட், கிளாட் ரெய்ன்ஸ் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். மயாமியில் தொடங்கும் கதை, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்கு நகர்ந்து அங்கேயே முடிகிறது. காதலும் உளவும் கலந்த சஸ்பென்ஸ் படங்களுக்கு முன்மாதிரியாக இன்றும் இப்படம் காட்டப்படுகிறது.

படத்தின் தலைப்புக்குப் 'பெயர் கெட்டவர்' என்று பொருள். அந்தக் கெட்ட பெயர் கதாநாயகி அலிசியாவைக் குறிக்கிறது. அவளுக்கு அப்பெயரைச் சூட்டுபவர்கள் யார், அதைப் பயன்படுத்திக்கொள்பவர்கள் யார் என்ற கேள்வியே இப்படத்தின் உயிர். படத்தின் முடிவும் இக்கட்டுரையில் பேசப்படுகிறது.

கதைச்சுருக்கம்

அலிசியாவின் தந்தை ஜெர்மனிக்கு உளவு பார்த்ததற்காக அமெரிக்காவில் தண்டிக்கப்படுகிறார். குடியிலும் கேளிக்கையிலும் மூழ்கிக் கிடக்கும் மகளை, டெவ்லின் என்ற அமெரிக்க உளவு அதிகாரி அரசுப் பணிக்கு அழைக்கிறான். இருவரும் ரியோ செல்கின்றனர், காதல் பிறக்கிறது. அதன் பிறகே அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை தெரியவருகிறது. அவளுடைய தந்தையின் நண்பனும் முன்பு அவளை விரும்பியவனுமான அலெக்சாண்டர் செபாஸ்டியனை அவள் மயக்கி, அவன் வீட்டில் கூடும் நாஜிக் குழுவின் திட்டத்தை அறிய வேண்டும். செபாஸ்டியன் அவளை மணக்க விரும்புகிறான். டெவ்லின் தடுப்பான் என்று காத்திருக்கிறாள். அவன் தடுக்கவில்லை. திருமணம் நடக்கிறது.

மது நிலவறையில் உள்ள புட்டிகளில் யுரேனியத் தாது ஒளித்து வைக்கப்பட்டிருப்பதை அலிசியாவும் டெவ்லினும் கண்டுபிடிக்கின்றனர். மனைவி உளவாளி என்பதை உணர்ந்த செபாஸ்டியன், தன் தாயுடன் சேர்ந்து காப்பியில் சிறிது சிறிதாக நஞ்சு கலந்து அவளைக் கொல்ல முயல்கிறான்.

யுரேனியமும் சொல்லாத சொல்லும்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்ட மறு ஆண்டு வந்த படம் இது. யுரேனியம் என்ற சொல்லே அன்றைய பார்வையாளரை அச்சுறுத்தியிருக்கும். ஆயினும் அந்தத் தாதுவைக் கொண்டு நாஜிகள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதில் படம் அக்கறை காட்டுவதில்லை. கதாபாத்திரங்கள் தேடி ஓடுவதற்கு ஒரு பொருள் வேண்டும். அது எதுவாகவும் இருக்கலாம். இத்தகைய பொருளை ஹிட்ச்காக் 'மெக்கஃபின்' என்று அழைத்தார்.

பார்வையாளரை உண்மையில் பதற வைப்பது, டெவ்லின் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரே ஒரு சொல். 'போகாதே' என்று அவன் சொன்னால் அலிசியா அந்த வேலையை ஏற்கமாட்டாள். அவள் தானாகவே மறுப்பாளா என்று அவன் சோதிக்கிறான். அவன் தடுப்பானா என்று அவள் சோதிக்கிறாள். இருவரும் வாய் திறக்காததன் விலையை அவள் மட்டுமே செலுத்துகிறாள். இவ்விடத்தில் ஒரு சிறு பொருள் பேசுகிறது. காதலியுடன் உணவருந்த டெவ்லின் வாங்கிவந்த ஷாம்பெயின் புட்டியை, அவளுடைய வேலை என்ன என்று கேட்டறிந்த அதிகாரியின் அறையிலேயே மறந்து வைத்துவிட்டு வருகிறான். அவன் மனம் உடைந்ததை வசனமின்றி அந்தப் புட்டி தெரிவித்துவிடுகிறது.

திரைமொழி

மாணவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டிய பகுதி, செபாஸ்டியன் வீட்டு விருந்து. மாடிப்படியின் உயரத்திலிருந்து பெரிய கூடம் முழுவதையும் காட்டும் கேமரா, வெட்டே இல்லாமல் மெல்லக் கீழிறங்கி, அலிசியாவின் மூடிய கைக்குள் இருக்கும் நிலவறைச் சாவியில் வந்து நிற்கிறது. இத்தனை பெரிய கூட்டத்தின் விதி அந்தச் சிறு சாவியில் இருக்கிறது என்பதை ஒரே அசைவு சொல்லிவிடுகிறது.

அடுத்து, விருந்தில் ஷாம்பெயின் தீர்ந்துகொண்டே வருகிறது. தீர்ந்தால் செபாஸ்டியன் நிலவறைக்கு வருவான் என்பது நமக்குத் தெரியும். திடீர் அதிர்ச்சிக்கும் சஸ்பென்சுக்கும் உள்ள வேறுபாட்டை ஹிட்ச்காக் பலமுறை விளக்கியிருக்கிறார்: ஆபத்தை முன்கூட்டியே பார்வையாளருக்குத் தெரிவித்துவிட்டுக் காக்க வைப்பதே சஸ்பென்ஸ். பனிக்கட்டித் தொட்டியில் குறைந்துகொண்டே வரும் புட்டிகள் இங்கே கடிகாரத்தின் வேலையைச் செய்கின்றன. பிற்பகுதியில், திரையின் முன்புறத்தில் பெரிதாகத் தெரியும் காப்பிக் கோப்பையும் அதே வேலையைச் செய்கிறது.

திரையில் முத்தம் நீளக்கூடாது என்று ஹாலிவுட் தணிக்கை கெடுபிடி செய்த காலம் அது. ரியோவின் மாடி முகப்பில் நடக்கும் காதல் காட்சியில், இருவரும் முத்தமிட்டு, விலகி, இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசி, மீண்டும் முத்தமிடுகின்றனர். ஒவ்வொரு முத்தமும் குறுகியது. காட்சியோ இரண்டரை நிமிடம் அளவுக்கு நீள்கிறது. விதியை மீறாமலேயே விதியைத் தோற்கடித்திருக்கிறார் இயக்குநர்.

யார் நல்லவர்?

உளவுப் படங்களில் நல்லவர், கெட்டவர் என்ற எல்லை தெளிவாக இருப்பது வழக்கம். இங்கே நாஜி ஆதரவாளனான செபாஸ்டியனே தன் காதலை வெளிப்படையாகச் சொல்கிறான். தாயின் எதிர்ப்பை மீறி மணக்கிறான். நாட்டுக்காகப் பணியாற்றும் நாயகனோ காதலியைக் குத்திப் பேசிக்கொண்டே இருக்கிறான். அலிசியாவை அனுப்பி வைத்த அதிகாரிகள், அனுப்பிய பின் அவள் ஒழுக்கத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறார்கள். வாஷிங்டனில் பாதுகாப்பாகச் சீட்டாடிக்கொண்டிருக்கும் தங்கள் மனைவிமாரோடு அவளை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று டெவ்லின் அவர்களிடம் சீறுகிறான். ஆனால் அந்த மரியாதையை அவள் இல்லாத இடத்தில்தான் காட்டுகிறான்.

ரெய்ன்ஸின் நடிப்பு செபாஸ்டியனை வெறும் வில்லனாக விட்டுவிடவில்லை. சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது. ஹெக்ட்டின் திரைக்கதையும் பரிந்துரைக்கப்பட்டது. இரண்டுக்கும் விருது கிடைக்கவில்லை. தாயாக நடித்த லியோபோல்டின் கான்ஸ்டான்டின், ரெய்ன்ஸைவிட மூன்று ஆண்டுகளே மூத்தவர். படத்தில் அந்த எண்ணம் நமக்கு எழுவதே இல்லை.

குறைகள்

ரியோ நகரம் பெரும்பாலும் பின்னணிப் படமாகவே வந்து போகிறது. நாற்காலியில் அமர்ந்த நடிகர்களுக்குப் பின்னால் திரையில் ஓடும் நகரம் என்பது இன்றைய கண்ணுக்கு எளிதில் தெரிந்துவிடும். பிரேசில் மக்களுக்குக் கதையில் சொல்லும்படி இடமில்லை. இரண்டு வெளிநாட்டுக் கூட்டங்கள் அவர்கள் மண்ணில் மோதிக்கொள்ள, அவர்கள் விருந்தினராகவும் பணியாளராகவும் நிற்கிறார்கள். பல நாடுகளில் நடக்கும் பரபரப்புப் படங்கள் பலவற்றில் இக்குறை பின்னரும் தொடர்ந்தது.

முடிவுக் காட்சி

நஞ்சினால் துவண்டு கிடக்கும் அலிசியாவிடம் டெவ்லின் தன் காதலைச் சொல்லிவிட்டு, அவளைத் தாங்கிப் பிடித்தபடி மாடிப்படி இறங்குகிறான். கீழே நாஜிக் குழுவினர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மனைவி உளவாளி என்று தெரிந்தால் அவர்கள் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்பதால், செபாஸ்டியனும் மனைவியை மருத்துவமனைக்கு அனுப்புவதுபோல் நடிக்கிறான். துப்பாக்கி வெடிக்கவில்லை; துரத்தல் இல்லை. காரில் தன்னையும் ஏற்றிக்கொள்ளுமாறு அவன் கெஞ்சுகிறான். டெவ்லின் கார்க் கதவைப் பூட்டிவிடுகிறான். வாசற்படி ஏறித் திரும்பிச் செல்லும் அந்த மனிதனோடு படம் முடிகிறது.

காதலர்கள் பிழைத்துப் போகின்றனர்; ஆனால் நம் பார்வை வீட்டுக்குள் போகிறவன் மீதே நிற்கிறது. அலிசியாவைப் பணயம் வைத்தவர்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி எதுவும் படத்தில் இல்லை. காதல் கைகூடிய மகிழ்ச்சியோடு இந்தக் கணக்கையும் தீர்க்காமல் விட்டதே, ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின்னும் இப்படத்தைப் பழைய சரக்காகாமல் காப்பாற்றுகிறது. ஹிட்ச்காக் படங்களைப் பார்க்கத் தொடங்கும் மாணவர்கள் சைக்கோவுக்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. அச்சமூட்ட இருட்டும் கத்தியும் தேவையில்லை, ஒரு சாவியும் ஒரு காப்பிக் கோப்பையும் போதும் என்பதை இதில் தெளிவாகக் காணலாம்.