ஒருவரே ஆக்கிய இசைத்தொகுதி: பிரின்சின் ‘ஃபார் யூ’

ஒரு பாட்டுக்கு ஆக்கியோர் யாவர் என்னும் வினா எளிதாகத் தோன்றினும், விடை எளிதன்று. பரிபாடலின் பல பாடல்களுக்குப் பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பெற்றுள்ளன. சொல்லும் இசையும் வெவ்வேறு கலைத்தொழில்கள் என்னும் தெளிவு அக்குறிப்புகளில் விளங்குகின்றது. இம்மரபில் பயின்ற நமக்கு, எல்லாத் தொழிலையும் ஒருவரே மேற்கொண்ட இசைத்தொகுதி ஒன்று சிறந்த ஆய்வுப்பொருளாகும்.

அமெரிக்க நாட்டு மினியாபொலிசு நகரில் 1958இல் பிறந்த பிரின்சு, 1977இல் வார்னர் பிரதர்சு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர்தம் முதல் தொகுதியாகிய ‘ஃபார் யூ’ 1978 ஏப்பிரலில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு அகவை 19. பாட்டு இயற்றியவர், இசை அமைத்தவர், பாடியவர், இசைத்தவர், தயாரித்தவர் ஆகிய நிலைகள் அனைத்திலும் அவர் பெயரே நிற்கின்றது. 27 இசைக்கருவிகளை அவரே இயக்கியதாக உறை கூறும். எனினும் இவ்வொருமை முழுமையானதன்று. தொகுதியின் மேற்பார்வைத் தயாரிப்பாளராக டாமி விக்காரி இருந்தார். ‘சாஃப்ட் அண்ட் வெட்’ என்னும் பாட்டின் சொல்லமைப்பில் கிறிசு மூன் பங்குகொண்டார்.

இத்தொகுதியைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பிறர் தலையீடின்றிக் கலைஞன் உரிமையை நிலைநாட்டிய வெற்றி இது என்பர் ஒருசாரார். இளமைச் செருக்கால் நேர்ந்த தோல்வி என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டும் பொருந்துமா என்பதனைத் தொகுதியின் அகச்சான்று கொண்டே துணிதல் வேண்டும்.

ஒன்பது பாட்டுகளுள் முதலாவது, கருவி எதுவுமின்றிக் குரலாலேயே அமைந்தது. ஒருவர் குரலே பல தடங்களில் பதியப்பெற்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்றுப் பாடற்குழுவினது முழக்கமாக மாறுகின்றது. ஊதுகருவிக் குழு நிற்கவேண்டிய இடங்களில் சிந்தசைசர் ஒலிகள் நிற்கின்றன. பின்னாளில் அவர்தம் இசைக்கே அடையாளமாகிய இவ்வொலி இத்தொகுதியிலேயே அரும்பிவிட்டது. இறுதிப் பாட்டாகிய ‘ஐம் யுவர்சு’ மின்கிதாரின் வன்மையைக் காட்டுகின்றது. கருவித்திறன் பற்றி ஐயமில்லை.

ஆனால் திறன் வேறு, பாட்டு வேறு. பெரும்பாலான பாட்டுகள் காதலைப் பொதுவாகப் பேசுவனவேயன்றி, இன்னார் இன்ன சூழலில் கூறினார் என்னும் தெளிவு உடையனவல்ல. ‘பேபி’ என்னும் பாட்டு இதற்கு விலக்கு. எதிர்பாராது கருவுற்ற காதலியை நோக்கி இளைஞன் ஒருவன், இனிச் செய்வது யாது எனக் கலங்கும் கூற்று அது. அங்குச் சூழல் உண்டு. அதனால் உணர்ச்சியும் உண்டு. ஆயினும் அக்கலக்கத்திற்கு வேண்டிய வெறுமையை இசை தரவில்லை. மெல்லிய உச்சக்குரலும் அடுக்கடுக்கான ஒலிகளும் அதனை இனிமையால் மூடிவிடுகின்றன. பிழையற்ற ஒலிப்பதிவு ஈண்டுப் பிழையாகிவிட்டது என்றல் மிகையன்று.

பிறர் கை கலந்த ‘சாஃப்ட் அண்ட் வெட்’ பில்போர்டு இதழின் சோல் இசைப் பட்டியலில் 12ஆம் இடத்தை எய்தியது. தொகுதியோ பொதுப் பட்டியலில் 163ஆம் இடத்தோடு நின்றது. இதுகொண்டு, தனித்தியங்கியதே குறைக்குக் காரணம் எனல் பொருந்தாது. 1979இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியையும் அவரே தயாரித்தார். அதில் அவர் தனித்து இயற்றிய ‘ஐ வான்னா பீ யுவர் லவர்’ சோல் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆகவே தனிமை குறையன்று என்பது பெறப்படும்.

உண்மைக் காரணத்தை 1980ஆம் ஆண்டின் ‘டர்ட்டி மைண்ட்’ காட்டுகின்றது. பெரிதும் இல்லத்து ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாகிய அத்தொகுதி எட்டுப் பாட்டுகளே கொண்டது. அரை மணி அளவில் முடிவது. அடுக்குகள் குறைந்தன, சொல் கூர்மை பெற்றது. மாட் ஃபிங்க், லிசா கோல்மன் ஆகிய குழுவினர் பங்கிற்கும் இடம் கிடைத்தது. முதல் தொகுதியில் சேர்த்தலை அறிந்திருந்தவர், இங்கு நீக்கலை அறிந்துகொண்டார்.

தன் படைப்பைத் தானே தயாரிப்போன் கலைஞனாக இருத்தல் மட்டும் போதாது. தன்னைக் கேட்கும் பிறனாகவும் இருத்தல் வேண்டும். பிறர் ஒருவர் இருந்திருப்பின் ‘போதும்’ என்று கூறியிருப்பார். அச்சொல்லைத் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் ஆற்றல் 19 அகவையில் பிரின்சிடம் முதிரவில்லை. எனினும் தயாரிப்புரிமையைத் தம்பால் வைத்துக்கொண்டமையாலன்றோ, அவ்வாற்றலை அவர் தம் பிழையினின்றே கற்றார்? பிறர் திருத்தித் தந்திருப்பின் தொகுதி செம்மையுற்றிருக்கும். ஆக்கியோன் வளர்ந்திருப்பது ஐயமே. ஆதலின், ‘ஃபார் யூ’ நிறைவான தொகுதியன்று எனினும், நிறைவுக்கு இன்றியமையாத தொகுதி என்பதே நம் துணிபு.