பேட்டரிக்கு ஏன் விடுதலை?

ஒரு காருக்கு இறுதிச் சடங்கு நடந்து பார்த்திருக்கிறீர்களா? 2003-ல் ஹாலிவுட்டில், கல்லறைத் தோட்டத்திலேயே நடந்தது. ‘ஹூ கில்டு தி எலெக்ட்ரிக் கார்?’ (2006) டாகுமென்டரியில் அந்தக் காட்சி இருக்கிறது. இயக்கியவர் கிறிஸ் பெய்ன்.

செத்துப்போனது ஜெனரல் மோட்டார்ஸின் ஈவி1. 1996-ல் கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் வந்த இரண்டு ஸீட் பேட்டரி கார். மொத்தம் செய்ததே ஆயிரத்துச் சொச்சம். அதையும் விற்கவில்லை, லீசுக்கு மட்டும்தான். லீஸ் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டுபோய், பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். ‘காசு தர்றோம், கார் எங்ககிட்டயே இருக்கட்டுமே’ என்று கெஞ்சியவர்களுக்கும் கை விரிப்புதான்.

பெய்ன் இதைக் கொலை வழக்காகவே நடத்துகிறார். எண்ணெய் கம்பெனி, கார் கம்பெனி, அரசாங்கம், வாடிக்கையாளர் என்று வரிசையாகக் கூண்டில் ஏற்றுகிறார். எல்லாருமே குற்றவாளி. பேட்டரி மட்டும் நிரபராதி!

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நான் பி.காம். காராக இருந்தாலும் வரவு-செலவுதான் முதலில் பார்ப்பேன்.

முதல் ஈவி1-ன் பேட்டரி எடை அரை டன். அதற்குள் இருந்த சக்தி, ஏறக்குறைய 2 லிட்டர் பெட்ரோலில் இருப்பதுதான். ஆமாம் சார், ரெண்டே லிட்டர்! அதை வைத்துக்கொண்டு சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது மோட்டாரின் சாமர்த்தியம். பெட்ரோல் இன்ஜின் குடிப்பதில் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியே ஊதிவிடும். மோட்டாரில் அந்த விரயம் கிடையாது. மிதித்த கணமே இழுவை. பச்சை விளக்கு விழுந்தால் 96 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஒன்பது நொடிக்குள்தான். அந்தக் காலத்துக்கு அமர்க்களம்!

ஆனால், வேகம் வேறு. தினசரிப் பிழைப்பு வேறு. ஆபீஸிலிருந்து திரும்பும்போது, ‘மாமனாருக்கு உடம்பு சரியில்லை, உடனே வாங்க’ என்று அடுத்த ஊரிலிருந்து போன் வந்தால்? பெட்ரோல் போட அஞ்சு நிமிஷம். அந்த பேட்டரிக்கு மணிக்கணக்கு. ‘சராசரி அமெரிக்கர் ஒரு நாளைக்கு அவ்வளவு தூரம் ஓட்டுவதே இல்லையே’ என்கிறது படம். வாஸ்தவம். ஆனால், கார் வாங்குகிறவர் மாமனார் போன் வரும் அந்த ஒரு நாளையும் நினைத்துத்தானே வாங்குகிறார்?

1999-ல் வந்த நிக்கல் பேட்டரி இன்னும் கூடுதல் தூரம் ஓடியது. அது பெய்ன் தரப்பின் நல்ல சாட்சி. அதைவிடப் பெரிய சாட்சி 2008-ல் வந்தது. கிட்டத்தட்ட 7,000 லித்தியம்-அயான் செல்களோடு டெஸ்லா ரோட்ஸ்டர்! ஒரு சார்ஜில் சுமார் 390 கிலோமீட்டர். அதே 96 கிலோமீட்டர் வேகம் நாலே நொடிக்குள். செத்தவன் எழுந்து வந்தான். 2011-ல் பெய்னே அந்த மறுபிறவி பற்றி இன்னொரு படம் எடுத்தார். பிழைக்கவைத்தது பேட்டரி என்றால், கொன்றதில் மட்டும் அதற்குப் பங்கில்லையா? என் தீர்ப்பில் பேட்டரியும் உடந்தை.

அதற்காக கம்பெனிக்கு விடுதலை இல்லை. ‘ஸ்பேர் பார்ட்ஸ் தர முடியாது’ என்றார்கள். சரி, எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கலாமே! ஆசைப்பட்டவன் கண்ணெதிரே நசுக்குவானேன்? அந்தக் கேள்விக்காகவே படத்தைப் பாருங்கள். தீர்ப்பை மட்டும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.