குரல் உயர்த்தாத தலைமை

வசனம் எழுதியவரையும் வசனம் பேசியவர்களையும் முதலமைச்சர்களாக்கிய இடம் கோடம்பாக்கம். நாவன்மை இருந்தால்தான் நாலு பேரை வழிநடத்த முடியும் என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. அதே கோடம்பாக்கத்தில் அதிகம் பேசாத ஒருவர் பெரியதொரு இசைக் குழுவை நடத்திக் காட்டினார். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் ஏ.ஆர்.ரஹ்மானின் வழியை அதன் பலத்தோடும் குறையோடும் படிக்க வேண்டும்.

ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே.சேகரை இழந்தவர் அவர். அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா போன்றோரின் குழுக்களில் கீபோர்டு வாசித்தார். 1989இல் வீட்டையொட்டிப் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992இல் அவர் இசையமைத்த ‘ரோஜா’ படம் வந்தது.

அதுவரை பெரிய கூடத்தில் கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து, கையில் எழுதிக் கொடுத்த நோட்ஸைப் பார்த்து வாசிப்பார்கள். பஞ்சதனில் ஒவ்வொருவராக வந்தார்கள், பெரும்பாலும் இரவில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓடும் ட்ராக்குக்கு மேல் தோன்றியதை வாசிக்கலாம். ஒரே வரியைப் பலவிதமாகப் பாடிப் பார்க்கலாம். நல்லதைப் பிறகு அவர் பொறுக்கி எடுத்துக் கோப்பார். வாசித்தவர்களின் பெயர்கள் கேசட் உறையில் அச்சாயின. உத்தரவு குறைந்த இடத்தில் கலைஞனின் கற்பனைக்கு இடம் கிடைத்தது. காது கொடுத்துக் கேட்பதையே தலைமைப் பண்பாக்கியது இந்த முறையின் பெரும் பலம்.

குறையும் அங்கேயே இருக்கிறது. முழுப் பாட்டின் வடிவம் ஒருவர் மனத்தில் மட்டும் இருக்கும்போது, தன் வாசிப்பு எங்கே போய்ச் சேரும் என்று வாசித்தவருக்குத் தெரியாது. அருகருகே அமர்ந்து ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்ட பழைய தோழமையும் தேய்ந்தது.

சிறிய அறையில் செல்லுபடியாகும் மௌனம் பெருங்கூட்டத்தில் உதவாது. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சியில், டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். ஏற்பாடு வேறொரு நிறுவனத்துடையது. கோபம் மேடையில் நின்றவர் மீதும் பாய்ந்தது. ரஹ்மான் ஒதுங்கவில்லை. டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார், பழியைத் தானே ஏற்பதாக வெளிப்படையாக எழுதினார். அமைதியான மனிதர் தலைவராக முன்வந்து நிற்க வேண்டிய தருணம் அதுதான். அங்கே அவர் நின்றார். ஆனால் வாசலில் என்ன நடக்கிறது என்ற செய்தி மேடைக்கு உடனே வந்துசேர வழி இருந்திருந்தால் அப்படிப் பழியேற்க வேண்டிய தேவையே குறைந்திருக்கும்.

கூச்சத்தை உதறிவிட்டு வா என்று இளைஞர்களை விரட்டுவது வீண். இயல்பை மாற்றாமலே மூன்று கடமைகளைப் பழகலாம்: வேலை தொடங்கும்முன் நோக்கத்தைச் சொல்வது, உழைத்தவர் பெயரைச் சொல்வது, தவறு நேர்ந்தால் முதல் ஆளாகப் பேசுவது. தலைவர் பேச்சைக் குறைக்கலாம். கூட இருப்பவர்களுக்குச் சேர வேண்டிய தகவலைக் குறைக்கக் கூடாது.